வீட்டுக்குப் போகணும்!

‘‘வீட்டுக்குப் போகணும்...’’

என்ன கேட்டாலும் அந்தப் பெண்ணிடமிருந்து இந்த ஒரே பதில்தான். எங்கே வலிக்கிறது என்று கேட்டால், ‘‘வீட்டுக்குப் போகணும்.’’ சாப்பாட்டை நீட்டினால், ‘‘வீட்டுக்குப் போகணும்.’’ மருந்தை வாயில் ஊற்றினால் துப்பிவிட்டு, மறுபடியும் அதே!

17-ம் நூற்றாண்டின் பிற்பகுதி. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர மருத்துவமனை. கிராமத்துப் பெண் அவள். உயரத்திலிருந்து விழுந்து, பல நாட்கள் நினைவில்லாமல் கிடந்தவளைத் தூக்கி வந்து சேர்த்திருந்தார்கள். கண் விழித்துப் பார்த்தால், சுற்றிலும் முன்பின் தெரியாத கிழவிகள். அவ்வளவுதான். அன்றைக்கு ஆரம்பித்தது அந்தப் பாட்டு. உடம்புக் காயம் ஆறினாலும் ஆள் தேறவில்லை. நாளுக்கு நாள் துரும்பாக இளைத்தாள்.

கடைசியில் பெற்றவர்கள் வந்து, ‘என்ன ஆனாலும் பரவாயில்லை’ என்று வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். சில நாட்கள்தான். ஒரு சொட்டு மருந்து இல்லாமல் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டாள்!

இந்தச் சம்பவத்தை எழுதி வைத்தவர் ஜொஹான்னஸ் ஹோஃபர். மருத்துவ மாணவர். 1688-ம் ஆண்டு பாசெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக் கட்டுரை சமர்ப்பித்தபோது அவருக்கு வயது 19. சாதாரண ஜனங்கள் ‘ஹைம்வே’, அதாவது வீட்டு வலி என்று ஜெர்மன் மொழியில் சொல்லிக்கொண்டிருந்த சமாசாரத்துக்கு மருத்துவப் பெயர் ஒன்று வேண்டும் என்று நினைத்தார் ஹோஃபர். கிரேக்க மொழியில் ‘நோஸ்டோஸ்’ என்றால் வீடு திரும்புதல். ‘அல்கோஸ்’ என்றால் வலி. இரண்டையும் ஒட்டினார். ‘நோஸ்டால்ஜியா’ பிறந்தது.

ஆம். பழைய பாட்டைக் கேட்டுவிட்டு ‘செம நோஸ்டால்ஜியா’ என்கிறோமே, அதே வார்த்தைதான். அது பிறந்தபோது இனிமையான நினைவு அல்ல, ஆளைக் கொல்லும் வியாதியின் பெயர்!

ஹோஃபர் சொல்லும் இன்னொரு சம்பவம் இதைவிட சுவாரஸ்யம். பெர்ன் நகரத்து இளைஞன் ஒருவன் படிப்பதற்காக பாசெலுக்கு வந்தான். இரண்டு ஊரும் ஒரே நாட்டில்தான் இருக்கின்றன. இடையில் சுமார் நூறு கிலோமீட்டர். ஆனாலும் பையனுக்கு ஒட்டவில்லை. துக்கம், காய்ச்சல், படபடப்பு. பிழைக்க மாட்டான் என்று முடிவுகட்டி, சுற்றி நின்றவர்கள் ஜெபம் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில் எனிமா கொடுப்பதற்காக ஒரு மருந்துக்காரர் வந்தார். பையனின் நிலையைப் பார்த்தவர், ‘இதற்கு மருந்து கிடையாது. ஊருக்கு அனுப்புங்கள்’ என்று சொல்லிவிட்டார்.

டோலியில் படுக்க வைத்துத் தூக்கினார்கள். ஏற்பாடுகள் நடப்பது தெரிந்ததுமே பையனுக்கு மூச்சு சீராக ஆரம்பித்தது. பாசெலைத் தாண்டிச் சில மைல் போவதற்குள் தெம்பு வந்துவிட்டது. பெர்ன் நகரத்தை எட்டுவதற்கு முன்பே பையன் முழுசாகத் தேறிவிட்டான்!

இந்த இடத்தைக் கொஞ்சம் அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு குணமாகவில்லை. ‘போகப்போகிறோம்’ என்று உறுதியானதுமே குணமாக ஆரம்பித்துவிட்டான். அடுத்த மூன்று நூற்றாண்டுக் கதையும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

முதலில் ஒரு கேள்வி. இந்த வியாதி ஏன் சுவிட்சர்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது?

இன்றைக்கு சுவிட்சர்லாந்து என்றால் வங்கி, கைக்கடிகாரம், சாக்லேட், பனிமலையில் டூயட். அன்றைய சுவிட்சர்லாந்து வேறு. விளைச்சல் குறைவான மலை நாடு. பிள்ளைகள் அதிகம். பிழைப்பு? வெளிநாட்டில் கூலிக்குப் போர் செய்வது! பிரான்ஸ் மன்னர் முதல் போப்பாண்டவர் வரை சுவிஸ் வீரர்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். வாடிகனில் இன்றைக்கும் கலர் கலர் உடுப்பில் நிற்கும் சுவிஸ் காவலர்கள், 1506-ல் ஆரம்பித்த அந்த ஏற்பாட்டின் மிச்சம்தான். அக்ரிமென்ட், முன்பணம், வீட்டுக்குப் பணம் அனுப்புவது... கேட்ட மாதிரி இருக்கிறதா? அன்றைய சுவிஸ் கிராமங்கள் ஒருவகையில் இன்றைய நம்ம ஊர் ‘துபாய் கிராமங்கள்’தான்.

அப்படிப் போன வீரர்கள்தான் கும்பல் கும்பலாகப் படுத்தார்கள். மாடு மேய்ப்பவர்கள் மலையில் பாடும் ஒரு மெட்டு உண்டு. அதைக் கேட்டால் சுவிஸ் வீரர்கள் அழுதார்கள், படையைவிட்டு ஓடினார்கள், சிலர் செத்தே போனார்கள். அதனால் அதைப் பாடினால் மரண தண்டனை என்று தடை போட்டார்கள் என ரூசோ தனது இசை அகராதியில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு மாட்டுக்காரப் பாட்டுக்கு மரண தண்டனை!

டாக்டர்கள் சும்மா இருப்பார்களா? ஜூரிச் நகரத்து மருத்துவர் ஷோய்ஷர் 1700-களின் தொடக்கத்தில் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார். சுவிஸ்காரர்கள் மலை உச்சியில் லேசான காற்றில் வளர்ந்தவர்கள். சமவெளிக்கு இறங்கினால் காற்றின் அழுத்தம் அவர்களை நசுக்குகிறது. அதனால் ரத்த ஓட்டம் கெட்டு மனம் சோர்கிறது. சிகிச்சை? நோயாளியைக் குன்றின் மேலோ, உயரமான கோபுரத்திலோ கொண்டுபோய் வையுங்கள்! ‘எங்கள் ஆட்கள் கோழைகள் அல்ல, காற்றுதான் சரியில்லை’ என்று சொந்த நாட்டு மானத்தைக் காப்பாற்றப் பார்த்தார் பாவம்.

உண்மைக்குப் பக்கத்தில் வந்தவர் வியன்னாவின் லியோபோல்ட் ஆயன்ப்ரக்கர். இன்றைக்கும் டாக்டர்கள் நெஞ்சில் விரலை வைத்துத் தட்டிப் பார்க்கிறார்களே, அந்த முறையை 1761-ல் உலகத்துக்குச் சொன்னவர் இவர்தான். சத்திரம் நடத்தியவரின் மகன். மது பீப்பாயைத் தட்டி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கும் வித்தையிலிருந்து இந்த யோசனை வந்தது என்பார்கள். அதே புத்தகத்தில் ஊர் ஏக்கத்தையும் பற்றி எழுதினார். வலுக்கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்ட இளைஞர்கள், இனி ஊர் திரும்பவே முடியாது என்று நம்பிக்கை இழக்கும்போது பேச்சை நிறுத்துகிறார்கள். பெருமூச்சு விடுகிறார்கள். எதிலும் நாட்டமில்லாமல் மெலிந்து சாகிறார்கள்.

கூடவே போகிறபோக்கில் ஒரு தகவலையும் சேர்த்தார். சில வருஷங்களுக்கு முன்பு இந்த வியாதி நிறைய இருந்தது. இப்போது அபூர்வமாகிவிட்டது. காரணம், புது மருந்து அல்ல. ராணுவ சேவை இத்தனை வருஷம்தான் என்று வரம்பு கட்டிவிட்டார்கள். அவ்வளவுதான்!

ஊர் அதே தூரத்தில்தான் இருந்தது. சாப்பாடு, அடி உதை, குளிர் எதுவும் மாறவில்லை. ‘இந்தத் தேதிக்குப் பிறகு நீ வீட்டுக்குப் போகலாம்’ என்ற ஒரு வரி மட்டும் சேர்ந்தது. வியாதி ஓடிவிட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1793 நவம்பர். புரட்சி நடந்து, ஐரோப்பாவே பிரான்ஸுக்கு எதிராகத் திரண்டு நின்ற நேரம். ஒரு சிப்பாயைக்கூட வீட்டுக்கு அனுப்ப முடியாத நெருக்கடி. வடக்குப் படைக்கு போர் அமைச்சகத்திலிருந்து உத்தரவு வந்தது. உடல் தேறுவதற்காகத் தரும் மெடிக்கல் லீவ் அத்தனையும் ரத்து. ஒரே ஒரு விதிவிலக்கு... ஊர் ஏக்கத்தால் படுத்தவர்களுக்கு மட்டும் லீவ் உண்டு! மனசு சரியில்லை என்பதற்கு லீவ் தருவது சோம்பேறிகளுக்கு இடம் கொடுப்பது என்று இன்றைக்கும் நினைக்கும் மேனேஜர்கள், கில்லட்டின் காலத்து பிரான்ஸிடம் கொஞ்சம் பாடம் படிக்கலாம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65) வடக்குப் படையின் மருத்துவப் பதிவேட்டிலும் ‘நோஸ்டால்ஜியா’ ஒரு நோயாக இருந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டதாகக் கணக்கு. இறந்தவர்கள் 74 பேர். சில டாக்டர்கள் லீவ் கொடுக்கச் சொன்னார்கள். சிலரோ, ‘கேலி பண்ணுங்கள், சரியாகிவிடும்’ என்றார்கள். இந்த இரண்டாவது கோஷ்டி எந்த நாட்டிலும், எந்த நூற்றாண்டிலும் இருக்கத்தான் செய்கிறது.

சரி, அப்படியே நம்ம ஊருக்கு வருவோம். இங்கேயும் வெளிநாட்டில் வேலை பார்க்க வந்து மனம் உடைந்தவர்கள் இருந்தார்கள். வெள்ளைக்காரர்கள்!

கிழக்கிந்திய கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, கப்பலில் பல மாதம் பயணம் செய்து, வெயிலிலும் காலராவிலும் தனிமையிலும் புத்தி பேதலித்தவர்கள் பலர். கம்பெனி என்ன செய்தது? 1818-ம் ஆண்டு முதல் லண்டனின் ஹாக்னி பகுதியில் இருந்த பெம்ப்ரோக் ஹவுஸ் என்ற விடுதிக்கு அவர்களைக் கப்பல் ஏற்றி அனுப்பியது. 1870-ல் ஈலிங்கில் இதற்கென்றே ‘ராயல் இந்தியா அசைலம்’ திறந்தார்கள். ஆளுகிற ஜாதிக்காரன் ஒருவன் சென்னையிலோ கல்கத்தாவிலோ தெருவில் பிதற்றிக்கொண்டு திரிந்தால் மரியாதை என்ன ஆகும் என்ற கவலையும் அதில் உண்டு. காரணம் எதுவாக இருந்தாலும், வீடு திரும்ப வழி இருந்தது.

அந்த அளவுக்கு முற்றாதவர்களுக்கு? ஊட்டி! கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரி ஏறியதும், கொஞ்ச நாளிலேயே அது உடம்பு சரியில்லாத ஆங்கிலேயர்களின் புகலிடம் ஆனது. குளிர், மூடுபனி, ரோஜாச் செடி, ஓட்டு வீடு... எல்லாம் ‘சொந்த ஊர் மாதிரியே’ இருந்தது. நாம் ஹனிமூனுக்குப் போகிற ஊரின் பூர்வ ஜென்மம், வெளிநாட்டு ஊழியர்களின் மெடிக்கல் லீவ் விடுதி!

சாதாரண சிப்பாய்க்கு இவ்வளவு சுகம் இல்லை. நாசிக் பக்கத்தில் தேவ்லாலி என்று ஒரு ராணுவ முகாம். சேவைக்காலம் முடிந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் கப்பலுக்காக அங்கே காத்திருக்க வேண்டும். கப்பலோ எல்லா மாதமும் வராது. வேலை இல்லை, வெயில் உண்டு, மது உண்டு. கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பல மாதங்கள் இப்படியே கிடந்ததில் மண்டை குழம்பியது. ‘அவனுக்கு டூலாலி தப்’ என்று பேச ஆரம்பித்தார்கள். தேவ்லாலி வாய்க்குள் நசுங்கி ‘டூலாலி’. ‘தப்’ என்றால் இந்துஸ்தானியில் காய்ச்சல். இன்றைக்கும் இங்கிலாந்தில் ‘டூலாலி’ என்றால் கிறுக்கு பிடித்தவன் என்று அர்த்தம். வேலை முடிந்தாயிற்று, போகிற தேதி மட்டும் தெரியவில்லை. அதற்கே இந்தக் கதி.

இதே காலகட்டத்தில், இதே சென்னைத் துறைமுகத்திலிருந்து இன்னொரு கூட்டமும் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனது. நம்முடைய ஆட்கள்.

1860 நவம்பர் 16. ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து கிளம்பி தென்னாப்பிரிக்காவின் டர்பனில் போய் நின்றது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். 1911 வரை நேட்டாலுக்கு மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் இந்தியர்கள் போனார்கள். பெரும்பாலானவர்கள் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். மொரீஷியஸ், ஃபிஜி, மலேயா, இலங்கை எல்லாம் தனிக்கணக்கு. நேட்டாலிலும் ஃபிஜியிலும் ஒப்பந்தம் ஐந்து வருஷம். ஆனால், கப்பல் செலவை அரசாங்கம் தரவேண்டுமானால் பத்து வருஷம் காத்திருக்க வேண்டும்.

இவர்களுக்கு ஊர் ஏக்கம் வராதா? வந்தது. ஊட்டி கிடைத்ததா? மொரீஷியஸில் கிடைத்ததற்குப் பெயர் ‘டபுள் கட்’. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தம்! ‘மனசு சரியில்லை’ என்று படுத்தவன் டாக்டரின் நோயாளி அல்ல, முதலாளியின் கடனாளி. வேலையைவிட்டு ஓடினால் ஜெயில்.

விளைவு என்ன? ஃபிஜி தோட்டங்களில் தற்கொலைகள் இந்தியாவில் இருந்ததைவிடப் பல மடங்கு அதிகம் என்பதை சி.எஃப்.ஆண்ட்ரூஸும் பியர்சனும் நேரில் போய் விசாரித்து 1916-ல் அறிக்கையாகவே வெளியிட்டார்கள். நேட்டால் தோட்டங்களில் நடந்த தற்கொலைகளைப் பற்றி காந்தி தனது ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையில் எழுதி விசாரணை கேட்டார். ஃபிஜி கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக பாரதியார் எழுதிய பாட்டு நமக்கெல்லாம் தெரியும்.

ஒரே வியாதி. கம்பெனி அதிகாரிக்கு மலை வாசம். வெள்ளைச் சிப்பாய்க்குக் காத்திருப்பு முகாம். கூலிக்குக் கூலி வெட்டு. வியாதியை டாக்டர் தீர்மானிக்கவில்லை. நோயாளி எந்த கிளாஸ் டிக்கெட்டில் வந்தான் என்பது தீர்மானித்தது.

வீட்டு வேலைக்குப் போன பெண் பிள்ளைகளின் கதை இன்னும் மோசம். பின்னாளில் பெரிய தத்துவ அறிஞராகப் புகழ்பெற்ற கார்ல் யாஸ்பெர்ஸ், இளம் டாக்டராக ஹைடல்பெர்க்கில் இருந்தபோது 1909-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தலைப்பு: ‘ஊர் ஏக்கமும் குற்றமும்’. ஜெர்மனியில் பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே அடுத்த ஊர் வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட ஏழைச் சிறுமிகள். அழுது அடம்பிடித்து ஓடி வந்தால், பெற்றவர்களே திட்டித் திருப்பி அனுப்புவார்கள். அவர்களில் சிலர் எஜமானர் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். சிலர், பார்த்துக்கொள்ளச் சொன்ன குழந்தையையே கொன்றார்கள். பகை எதுவும் கிடையாது. ‘இந்த வீடு இல்லாவிட்டால், இந்தக் குழந்தை இல்லாவிட்டால், நம்மை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்’ என்ற பிள்ளைக் கணக்கு! லீவ் கேட்கும் வழி அத்தனையும் அடைபட்டால் மனசு எதுவரை போகும் என்பதற்கு அந்தப் புத்தகம் சாட்சி.

20-ம் நூற்றாண்டில் நோஸ்டால்ஜியா மருத்துவப் புத்தகத்திலிருந்து வெளியேறி சினிமா பாட்டுக்குப் போய்விட்டது. ஆனால் வியாதி எங்கேயும் போகவில்லை. 2002-ல் பார்சிலோனாவின் மனநல மருத்துவர் ஹோசேபா அச்சோதேகி அதற்கு இன்னொரு பெயர் வைத்தார். ‘யுலிசஸ் சிண்ட்ரோம்’. வீடு திரும்ப முடியாமல் கடலில் அலைந்த அந்த கிரேக்கக் காவிய நாயகன்தான். தனிமை, கடன், பிடிபடுவோமோ என்ற பயம் எல்லாம் சேர்ந்து அமுக்கும்போது, அகதிகளும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் தலைவலி, தூக்கமின்மை, உடம்பு அசதி என்றுதான் டாக்டரிடம் வருகிறார்கள். இது பைத்தியம் அல்ல, எந்த மனிதனும் தாங்க முடியாத பாரம் என்பது அவர் வாதம்.

நம்ம ஆட்களும் இப்படித்தான். வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒருவர், ‘மனசு சரியில்லை’ என்று கிளினிக்குக்குப் போவாரா? ‘முதுகு பிடிச்சிருக்கு டாக்டர்’ என்றுதான் போவார். சட்டத்தில் லீவ் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் தொழிலாளர் சட்டப்படி வருஷத்துக்கு 90 நாள் வரை மெடிக்கல் லீவ் உண்டு. முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் பாதிச் சம்பளம், மிச்சம் சம்பளம் இல்லாமல். ஆனால் வட்டிக்கு வாங்கி ஏஜென்டுக்குக் கட்டிவிட்டு வந்தவருக்கு அந்தப் பாதிச் சம்பளமே பயம். லீவ் போட்டு ரூமில் படுத்தாலோ, மற்றவர்கள் வேலைக்குப் போன பிறகு எட்டுக் கட்டிலும் நாலு சுவரும்தான் துணை. லீவ் உடம்புக்குக் கிடைக்கும். மனசுக்கு யார் இருக்கிறார்கள்?

சிங்கப்பூர் இந்தக் கேள்வியை 2020-ல் நேருக்கு நேர் சந்தித்தது. கொரோனா காலத்தில் விடுதிகளில் இருந்த சுமார் மூன்று லட்சம் வெளிநாட்டுத் தொழிலாளர்களை வெளியே விடாமல் பூட்டினார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். எப்போது திறப்பார்கள் என்று தெரியாது. தேவ்லாலியேதான்! மாதக்கணக்கில் அடைபட்டதில் மனம் உடைந்த சம்பவங்கள் செய்தியாக வர, அந்த ஆண்டு நவம்பரில் தொழிலாளர்களின் மனநலத்துக்கென்றே ‘ப்ராஜெக்ட் டான்’ என்று ஒரு குழு அமைத்தது அரசாங்கம். 2006-லிருந்து இயங்கும் ‘ஹெல்த்சர்வ்’ தொண்டு நிறுவனம், தமிழ், வங்காளம் என்று அவரவர் மொழியிலேயே பேசும் கவுன்சலர்களை வைத்துத் தொலைபேசி உதவி தந்தது. இந்தியாவிலும் 2022 அக்டோபரில் ‘டெலி மானஸ்’ வந்தது. 14416-க்குப் போன் போட்டால் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அங்கே இருப்பவரைப் பற்றிய கவலையில் இங்கே தூக்கம் தொலைத்த மனைவியும் அம்மாவும் கூடப் பேசலாம்.

தாய்மொழியில் கேட்க ஒரு காது. இதுவும் பழைய மருந்துதான். பாசெல் மருத்துவமனைப் பெண்ணுக்குப் பெற்றவர்கள் வந்து நின்றது நினைவிருக்கிறதா?

இன்னொரு மருந்து தேதி. முதலாளி கையில் பாஸ்போர்ட், அனுமதிக் கடிதம் இல்லாமல் வேலை மாற முடியாது என்ற கஃபாலா கட்டுப்பாடுகள் வளைகுடாவில் பல பத்தாண்டுகள் ஓடின. கத்தார் 2020-ல் அந்த அனுமதிக் கடிதத்தைச் சட்டத்திலிருந்து எடுத்தது. மற்ற நாடுகளும் ஒவ்வொன்றாகத் தளர்த்தி வருகின்றன. இதைத் தொழிலாளர் சட்டம் என்று மட்டும் பார்க்காதீர்கள். ஆயன்ப்ரக்கர் இருந்திருந்தால் மனநல மருந்து என்றே எழுதியிருப்பார்.

நம் வீட்டிலும் ஒரு மருந்து இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து போன் வந்தால், ‘பணம் எப்போ அனுப்புற?’ என்பதற்கு முன்னால், ‘எப்போ வர்றே?’ என்று கேளுங்கள். ‘பார்க்கலாம்’ என்று மழுப்பினால் விடாதீர்கள். தேதி கேளுங்கள். காலண்டரில் வட்டம் போட்டுவிட்டு, அதை அவரிடமும் சொல்லுங்கள்.

டோலி தூக்கியதுமே அந்த பெர்ன் பையனுக்கு மூச்சு திரும்பியது. ஊர் அப்போதும் நூறு கிலோமீட்டர் தள்ளித்தான் இருந்தது.